சுண்ணாம்பு இழந்த பேராலயம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவாவுக்குக் கடற்கரை பார்க்கப் போகிறவர்கள் பழைய கோவாவுக்கும் ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும். போர்த்துகீசியரின் தலைநகராகச் செழித்த ஊர். கொள்ளைநோய்கள் மக்களை விரட்ட, தேவாலயங்களே மிஞ்சின. புனித அகுஸ்தினார் ஆலயத்தில் 46 மீட்டர் கோபுரத்தின் ஒரு பகுதிதான் இன்று நிற்கிறது.

முத்துக்குளித்துறையில் பணியாற்றிய சவேரியாரின் உடல் இருக்கும் பொம் ஜேசு பேராலயம்தான் எனக்குப் பெரும் கவலை. 1605-இல் கட்டி முடித்த அந்தச் செம்புரைக்கல் சுவர்களின் சுண்ணாம்புப் பூச்சை 1950-களில் உரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அடைமழை நேராகக் கல்லில் இறங்குகிறது. சிவப்புக் கல் படத்தில் அழகாக இருக்கிறது, சரி. ஆனால் கல் கரைகிறதே! தொல்லியல் துறை மறுபடி சுண்ணாம்பு பூச வேண்டும்.

வாசகர், தூத்துக்குடி