காசில் இருந்த ஆடு

அன்பு மகளுக்கு,

போன தடவை அனுப்பின பெட்டியில் ஒரு ஐந்து சதக் காசு கிடந்தது, அதில் இருக்கிற ஆடு என்னம்மா என்று கேட்டாயே, அதை நேரிலேயே பார்த்துவிட்டேன்.

ஓகஸ்டில் இங்கே சைப்ரஸ் தலைநகர் நிக்கோசியாவில் வெயில் 40 டிகிரியைத் தொட்டதும் யாயாவையும் என்னையும் அவர் மகன் ட்ரூடோஸ் மலைக்குக் கூட்டிப்போனார். நான் பார்த்துக்கொள்கிற பாட்டிதான் யாயா. பிளாட்ரெஸ் என்கிற ஊரில் பத்து நாள். ஹட்டன் ரோடு மாதிரியே வளைவுகள், ஆனால் தேயிலைக்குப் பதிலாகப் பைன் மரம். இந்த மலை முழுக்க ஒரு காலத்தில் கடலுக்கடியில் இருந்த பாறையாம், ஒன்பது கோடி வருஷப் பழசாம். உச்சி 1952 மீட்டர். நம்ம இலங்கையின் பிதுருதலாகல மலை 2524 என்று யாயாவிடம் பெருமையடித்தேன். "அங்கே பனி கொட்டுமா?" என்று கேட்டு அவர் என் வாயை அடைத்துவிட்டார்.

ஒருநாள் பாஃபோஸ் காட்டுக்குள் போனோம். அங்கே வனத்துறை இடத்தில் பெரிய வேலி போட்டு அக்ரினோவை, அதுதான் உன் காசில் இருக்கிற ஆடு, வைத்திருக்கிறார்கள். காட்டுச் செம்மறிதான், ஆனால் உடம்பில் கம்பளி இல்லை, மான் மாதிரி வழவழவென்று பழுப்பு முடி. கிடாவுக்குக் கொம்பு அரிவாள் போல பின்னால் வளைந்திருக்கிறது. ஒன்று மரநிழலில் நின்று காதை மட்டும் என் பக்கம் திருப்பியது. யாயா இருமினதுதான் தாமதம், சரிவில் கல் உருள ஓடிவிட்டது.

சுட்டுச் சுட்டே தீர்த்திருக்கிறார்கள். 1930களில் ரொம்பக் கொஞ்சம்தான் மிச்சமாம். 1939இல் அந்தக் காட்டில் வேட்டையை நிறுத்தி, மேய்ச்சல் ஆடுகளையும் வெளியேற்றின பிறகு பெருகி, இப்போது ஆயிரக்கணக்கில் இருக்கிறது. பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னே படகில் வந்த மனிதர்கள்தான் இதையும் இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தார்களாம். கொண்டுவந்தவர்கள் கையை விட்டுத் தப்பி மலையேறிவிட்டது. கெட்டிக்கார ஆடு!

இதோடு ஒரு இலை வைத்திருக்கிறேன். யாயா தரையிலிருந்து பொறுக்கித் தந்தது. பொன் ஓக் என்கிறார்கள், சைப்ரஸைத் தவிர வேறெங்கும் முளைக்காதாம். மேலே கரும்பச்சை, திருப்பிப் பார், புளி போட்டுத் துலக்கின பித்தளை விளக்கு மாதிரி இருக்கும். காய்ந்தாலும் நிறம் போகாது என்று யாயா அடித்துச் சொல்கிறார். புத்தகத்துக்குள் வைத்து, போகிறதா என்று பார்த்து எழுது.

அம்மா