திருகைத் தொட விடாதே

மன்னார்குடி,
புரட்டாசி 6

அன்பு மகளுக்கு,

இங்கே அனைவரும் நலம். சம்பா நட்டுப் பதினைந்து நாள் ஆகிறது, பயிர் பச்சை பிடித்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

நேற்றிரவு நீ பேசி வைத்ததிலிருந்து எனக்கு நம் பழைய காரின் நினைவாகவே இருக்கிறது. சிக்னலில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுற்றுக்குக் கீழே இறங்குவதில்லை என்றாய். ஓசூர் ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் பாடியையே மாற்றச் சொல்கிறார்கள், இன்னொருவர் அதிலுள்ள திருகைத் திருப்பிச் சுற்றை இறக்கித் தருகிறேன் என்கிறார், எதைச் செய்யட்டும் என்று கேட்டாய். உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதே வண்டியில் இதே சத்தத்தை நான் முன்பு கேட்டிருக்கிறேன், பாப்பா. உன்னிடம் அதைச் சொன்னதில்லை.

நீ பிளஸ் டூ படித்த வருடம், மாசி மாதம். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் எல்லா வண்டிகளும் அமைதியாக நிற்க, நம் எஞ்சின் மட்டும் யாரோ ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டிருப்பது போல் ஓடியது. மறுநாள் ஒரு கடையில் காட்டினேன். பானெட்டைத் திறந்து, த்ராட்டிலைத் தாங்கி நிற்கும் சின்னத் திருகை இரண்டு சுற்று திருப்பினார்கள். சத்தம் இறங்கிவிட்டது. நானும் நிம்மதியாக வீடு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அம்மாவை வடுவூர் ராமர் கோயிலுக்கு அழைத்துப் போனேன். அறுவடை முடிந்த தரிசிலிருந்து ஒரு வாத்துக்கூட்டம் திடீரென்று சாலையில் ஏறியது. பிரேக்கை மிதித்தால் கருங்கல்லை மிதித்தது போல் இருந்தது. இரண்டு கால்களையும் வைத்து அழுத்தினேன். வண்டி நின்றபோது, வாத்து ஓட்டி வந்த பையன் பம்பருக்கு ஒரு முழம் முன்னால் கோலைப் பிடித்தபடி நின்றிருந்தான். அவன் முகம் இன்றும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். பிறகு அப்படியே விட்டுப்போயிற்று.

பழுதைக் கண்டுபிடித்தவர் நம் கீழத்தெருவில் டிராக்டர் வேலை பார்த்த பெரியவர். மருந்தடிக்கும் ஸ்பிரேயருக்கு வாங்கி வைத்திருந்த புதுக்குழாயில் இரண்டு முழம் வெட்டினார். ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஓடுகிற எஞ்சினைச் சுற்றி நகர்த்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்றார். குழாயை என் காதில் வைத்தார். பாம்பு சீறுவது போல் ஒரு சத்தம். பிரேக் மிதிக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டருக்குப் போகும் தடித்த ரப்பர் குழாய், கிளாம்புக்கு அடியில், வெளியே தெரியாமல் வெடித்திருந்தது.

இதை நீ புரிந்துகொண்டால் யார் என்ன சொன்னாலும் உன்னால் கேள்வி கேட்க முடியும். த்ராட்டில் என்பது நம் வாய்க்கால் மதகு மாதிரி. நீ காலை எடுத்ததும் அதன் பலகை மூடிக்கொள்கிறது. நின்ற நிலையில் எஞ்சின் ஓடத் தேவையான கொஞ்சக் காற்றை ஐடில் வால்வு என்ற சின்ன மடை விடுகிறது. மதகை அடைத்தும் வயலில் தண்ணீர் ஏறினால் நாம் என்ன செய்வோம்? பலகையை மேலும் இறுக்கிக்கொண்டு நிற்போமா? வரப்பைச் சுற்றி வந்து நண்டு வளையைத் தேடுவோம். நம் வண்டியின் கம்ப்யூட்டர், த்ராட்டிலைத் தாண்டிக் காற்று போகும் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்துதான் பெட்ரோலைக் கணக்கிடுகிறது. வளை வழியாக நுழைகிற காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் விடுகிறது, சுற்று ஏறுகிறது. சின்ன மடையை மூடி ஈடுகட்டப் பார்க்கும். ஓட்டை பெரிதாகிவிட்டால் அதனாலும் முடியாது.

மூடிய பலகைக்குப் பின்னால் உண்டாகும் வெற்றிடம்தான் பிரேக்குக்கும் பலம் கொடுக்கிறது. ஆகையால் அந்தக் குழாய் வெடித்தால் எஞ்சின் கத்துவதும் பிரேக் பெடல் இறுகுவதும் ஒரே நோய். கடையில் திருகைத் திருப்பியபோது கத்தல் மட்டும்தான் நின்றது. எஞ்சின் எனக்குக் கொடுத்த எச்சரிக்கையை நானே காசு கொடுத்து அடைத்துவிட்டேன், பாப்பா.

அதனால் முதலில் பிரேக்கைப் பார். எஞ்சினை அணைத்துவிட்டு பெடலை ஐந்தாறு முறை மிதி, கெட்டியாகும். மிதித்த காலை எடுக்காமலேயே ஸ்டார்ட் செய். பெடல் காலுக்கடியில் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வண்டியை நகர்த்தாதே, மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல். பெடல் இறங்கினாலும், நின்ற வண்டியில் எஞ்சின் ஓடும்போது பிரேக்கை மிதித்துப் பிடித்தால் சீறல் கேட்கிறதா, சுற்று மாறுகிறதா என்று கவனி. மாறினால் பூஸ்டருக்குள்ளேயே கசிவு இருக்கலாம்.

பிரேக் சரியாக இருந்தால் மற்றவற்றை நிதானமாகப் பார்க்கலாம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் 1,200, 1,500 என்று ஓடுவது குறையே அல்ல, ஓசூர்க் குளிருக்கு அது இன்னும் சிறிது நேரம் நீடிக்கும். ஏசி போட்டால் கொஞ்சம் ஏறுவதும் இயல்புதான். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்த பிறகும் 800, 900-க்கு இறங்காவிட்டால்தான் பழுது. காலடி விரிப்பு ஆக்சிலரேட்டர் பெடலில் மாட்டியிருக்கிறதா, ஆக்சிலரேட்டர் கேபிளில் சிறிது தளர்வு இருக்கிறதா என்று பார்த்துவிடு. த்ராட்டிலைக் கையால் திறந்து விட்டால் 'டக்' என்று திரும்பி வந்து உட்கார வேண்டும். மந்தமாக வந்தால் கார்பன் பிடித்திருக்கலாம். அதற்கும் ஐடில் வால்வுக்கும் பெரும்பாலும் சுத்தம் செய்தாலே போதும், மாற்ற வேண்டியதில்லை.

எஞ்சினைக் குளிர்விக்கும் நீரை, அதாவது கூலன்ட்டை, மறக்காதே. ஆறிய எஞ்சினில் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திற. அளவு குறைந்திருந்தால் சூட்டை அளக்கும் சென்சார் நீரில் நனையாமல் காற்றில் நிற்கும். எஞ்சின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நம்பி, சுற்றை இறக்காது. சென்சாரே கெட்டிருந்தாலும் இதே கதைதான். மெக்கானிக்கிடம் மல்டிமீட்டர் இருந்தால் அதன் மின்தடையை அளந்துவிடலாம். பெரும்பாலான வண்டிகளில் 20 டிகிரியில் இரண்டாயிரம் ஓமுக்கு மேல் காட்டும், 80 டிகிரியில் முந்நூறு ஓம் அளவுக்கு இறங்கிவிடும்.

இவ்வளவும் சரி என்றால் கசிவைத் தேட வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு வேக்குவம் (வெற்றிட) குழாயாகத் துணி சுற்றிய இடுக்கியால் மெல்லப் பிடித்துப் பார்க்கச் சொல். எதைப் பிடிக்கும்போது சுற்று இறங்குகிறதோ வளை அந்த வழியில் இருக்கிறது. மேனிஃபோல்டு எஞ்சினோடு சேரும் இடத்திலுள்ள கேஸ்கெட் ஓரத்தில் தண்ணீரைத் தெளித்தாலும் தெரிந்துவிடும், நீர் ஓட்டையை அடைக்கும் கணத்தில் சத்தம் மாறும். சில இடங்களில் தீப்பற்றும் கிளீனரை அடித்துப் பார்ப்பார்கள். சூடான சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் அதை அனுமதிக்காதே. நீ பக்கத்தில் நிற்கும்போது துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிடு, ஃபேனும் பெல்ட்டும் சுழன்றுகொண்டிருக்கும்.

திருகை மட்டும் யாரும் தொட வேண்டாம். அன்று புதுக்குழாய் மாட்டியதும் நம் வண்டி நிற்கிற இடமெல்லாம் அணைந்துபோயிற்று. திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர ஒரு முழு மதியம் ஆனது. அதன் தலையில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டிருக்கிறேன், அடியிலும் ஒரு கோடு உண்டு. இரண்டும் நேராக இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல். அந்த ரப்பர் குழாயும் மாற்றிப் பல வருடம் ஆகிவிட்டது, ரப்பருக்கு வயதாகியிருக்கும். எனக்கு அதன்மேல்தான் சந்தேகம்.

பிரேக்கைச் சோதிக்கும்வரை வேலைக்குக் கம்பெனி பஸ்ஸிலேயே போய் வா. ஞாயிறு காலை, எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் என்னைக் கூப்பிடு. போனை எஞ்சின் பக்கத்தில் பிடித்தால் எனக்கும் சத்தம் கேட்கும்.

அன்புடன்,
அப்பா