எச்ஐவி ஆய்வு முடிவு மருந்து சாப்பிடுகிறவருக்கும் தெரியட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 வந்தால் பேரணியும் உறுதிமொழியும் நடக்கின்றன. எச்ஐவி மருந்தாய்வுகளின் முடிவு மட்டும் மருந்து சாப்பிடுகிறவரிடம் அரைகுறையாகத்தான் வந்து சேருகிறது.

அரசின் எச்ஐவி சிகிச்சை (ஏ.ஆர்.டி.) மையங்களில் தரும் கூட்டு மாத்திரையில் டொலுடெக்ராவிர் என்ற மருந்து இருக்கிறது. இதைச் சாப்பிடும்போதே கருவுற்ற பெண்களின் 426 பிரசவங்களில் 4 குழந்தைகளுக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு (மூளையோ தண்டுவடமோ சரியாக உருவாகாத பிறவிக் குறை) என்று 2018-ல் போட்ஸ்வானா ஆய்வு சொன்னது. அச்சம் உலகம் முழுக்கப் பரவியது. அதே ஆய்வு தொடர்ந்து நடந்து, 2022-ல் 9,460 பிரசவங்களில் 10 என்று முடிந்தது. மற்ற எச்ஐவி மருந்துகளிலும் அதே அளவுதான். முதல் செய்தியைக் கேட்டவர்கள் எத்தனை பேர் இதைக் கேட்டார்கள்? பயந்து மாத்திரையை நிறுத்தினால் வைரஸ் மறுபடி பெருகும். குழந்தைக்கு உண்மையான ஆபத்து அதுதான்.

இன்னொன்று. கிராம சுகாதார செவிலியர் கொடுக்கும் இரும்பு, கால்சியம் மாத்திரையை வெறும் வயிற்றில் இதோடு சேர்த்து விழுங்கினால் மருந்து ரத்தத்தில் சரியாக ஏறாது. எச்ஐவி மாத்திரையை முதலில் போட்டு 2 மணி நேரம் கழித்துச் சத்து மாத்திரை போடலாம். சத்து மாத்திரை முந்திவிட்டால் 6 மணி நேரம் பொறுக்க வேண்டும். சாப்பாட்டோடு என்றால் இரண்டையும் சேர்த்தே போடலாம். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம், மெக்னீசியம் கலந்த மருந்துக்கு இந்தச் சலுகை இல்லை. அதற்கு எப்போதும் இடைவெளி வேண்டும்.

அந்தச் செவிலியருக்கு நோய் விவரம் தெரிந்திருக்காது. சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று 2017-ம் ஆண்டு எச்ஐவி, எய்ட்ஸ் சட்டமும் சொல்கிறது. அதனால் தகவல் அந்தப் பெண்ணின் கையிலேயே இருக்க வேண்டும். உள்ளங்கையில் மடங்கும் ஒரு தாள் போதும். வெளிப்பக்கத்தில் நோயின் பெயர் வேண்டாம். மருந்து வாங்க வரும் நாளில் கொடுத்து, புரிந்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஆட்சியருக்கும் ஊராட்சி ஒன்றியங்களுக்கும் வேறு தாள் தேவை. 'வைரஸ் கட்டுப்பட்டவர்கள் இத்தனை சதவீதம்' என்றால் யாரில்? ரத்தம் கொடுத்துப் பரிசோதித்தவர்களிலா, சிகிச்சைக்குப் பதிவு செய்த எல்லோரிலுமா? மருந்தை விட்டுவிட்டு வெளியூர் வேலைக்குப் போனவர் முதல் கணக்கில் காணாமல் போய்விடுகிறார். தேடிப் பிடிக்க வேண்டியவரே அவர்தான். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். ஆனால் ஊர்வாரியாகப் பிரிக்காதீர்கள். சின்ன ஊரில் '2 பேர்' என்று அச்சடித்தால் யார் என்று பொழுது சாய்வதற்குள் தெரிந்துவிடும். மானூர், நாங்குநேரி என்று வட்டார அளவோடு நிறுத்த வேண்டும்.

எச்ஐவி சிகிச்சை ஆலோசகர்கள் சிலர்,
பாளையங்கோட்டை