கட்டிய கைகளை நீவிவிடுங்கள்: செட்டிநாட்டு மருத்துவமனைகளுக்கு ஒரு மடல்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டார மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் தலைமைச் செவிலியர்களுக்கும் வணக்கம்.

ஐசியுவில் நோயாளியின் கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிப்போடுவது பற்றித்தான் எழுதுகிறேன். ஏன் கட்டுகிறீர்கள் என்று சண்டைக்கு வரவில்லை. கிருமித் தொற்றில் புத்தி தடுமாறிய ஒருவர் மூச்சுக்குழாயைப் பிடுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. ராத்திரி டியூட்டியில் ஒரே சிஸ்டர் எத்தனை பேரைத்தான் பார்ப்பார்? சரி, கட்டியாகிவிட்டது. அப்புறம் அந்தக் கைகளை யார் கவனிக்கிறார்கள்?

மூக்குக் குழாயை இழுத்துவிட்டார் என்று எங்கள் அப்பத்தாவின் இரண்டு மணிக்கட்டையும் ஒருமுறை காஸ் துணியால் கட்டியிருந்தார்கள். இழுத்து இழுத்து அந்தத் துணி கயிறுபோல் சுருண்டு, தோலில் பள்ளம் விழுந்திருந்தது. விரல்கள் வீங்கிப்போயிருந்தன. "கை எரியுதுப்பா, அவுத்து விடச் சொல்லு" என்று முனகிக்கொண்டே இருந்தார். வயதில் மூத்த ஒரு சிஸ்டர் வந்து ஒரு கையை மட்டும் அவிழ்த்தார். "ஆச்சி, கையைப் பிடிச்சு விடட்டுமா?" என்று கேட்டுவிட்டு, துளி தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு, விரல் நுனியிலிருந்து முழங்கை வரை மெல்ல நீவினார். ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டினார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அப்பத்தாவின் முகத்தில் இருந்த அந்த வெறித்த பார்வை தணிந்தது.

எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்லமாட்டேன். ஆனால் காரணம் இருக்கிறது. அசையாத கையில் ரத்தமும் நீரும் தேங்கும், மூட்டு இறுகும், இறுக்கமான கட்டு நரம்பை அழுத்தி மரத்துப்போக வைக்கும். வலியால் நோயாளி இன்னும் திமிறுவார், உடனே கட்டு இன்னும் இறுகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்ப்பது, கட்டுக்குள் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்ப்பது, ஏறி இறங்கும் பக்கக் கம்பியை விட்டுக் கட்டிலின் சட்டத்தில் கட்டுவது எல்லாம் நீங்கள் படித்த பாடம்தான். அவிழ்க்கிற அந்த நேரத்திலேயே நீவியும் விடுங்கள் என்கிறேன்.

எங்கே கூடாது என்பதையும் எழுதி ஒட்டுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் கெண்டைக்காலைத் தொடவே கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடக்கூடும். படுக்கைப்புண் வரப்போகிற சிவந்த இடம், ட்ரிப்ஸ் ஊசி ஏறிய இடம், டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய் இணைத்த கை, எலும்பு முறிவு எதிலும் கை வைக்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் என்றால் டாக்டரைக் கேட்க வேண்டும். தொட்டாலே மிரளும் நோயாளி வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

நமக்குப் பக்கத்திலேயே, ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகிச் செத்தார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. வேறு வழியே இல்லாதபோதுதான் கட்டலாம், தேவைக்கு மேல் நீடிக்கக் கூடாது, காரணத்தைப் பதிய வேண்டும், ஆள் பற்றாக்குறையைச் சாக்குச் சொல்லக் கூடாது என்கிறது. அது மனநல மருத்துவமனைகளுக்கான சட்டம்தான். ஐசியு நோயாளிக்கு மட்டும் அந்த நியாயம் வேண்டாமா? நீவிவிடுகிறோமே என்று கட்டை நீட்டிக்கவும் கூடாது. ஒவ்வொரு முறை அவிழ்க்கும்போதும், திரும்பக் கட்டத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள்.

கேஸ் ஷீட்டில் கட்டிய நேரத்துக்குப் பக்கத்தில் அவிழ்த்த நேரத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள். வெளியே பெஞ்சில் ராப்பகலாக உட்கார்ந்திருக்கும் எங்களில் ஒருவரை, கை கழுவவைத்து, பத்து நிமிடம் உள்ளே விடுங்கள். எப்படி நீவுவது என்று ஒருமுறை காட்டிக்கொடுத்தால் போதும், நாங்களே செய்கிறோம்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து ஒரு பேரன்