செயற்கைக்காலுக்கு ஒரு லைனர் போதாது

செயற்கைக்கால் கொள்முதலுக்கு டெண்டர் எழுதும் அரசு அலுவலர்களுக்கும், இலவச முகாம் நடத்தும் அறக்கட்டளையினருக்கும்,

வணக்கம்.

பாதம் என்ன வகை, குழாய் என்ன உலோகம், எத்தனை கிலோ தாங்க வேண்டும் என்றெல்லாம் டெண்டரில் வரிவரியாகக் கேட்கிறீர்கள். லைனர் (மீதமிருக்கும் காலில் உருட்டி மாட்டி, அதன் மேல் செயற்கைக்காலைப் போடும் மெத்தென்ற உறை) என்று வந்தால் மட்டும் ‘சிலிக்கான் லைனர் – 1’ என்பதோடு முடிந்துவிடுகிறது. முட்டிக்குக் கீழே கால் இழந்தவருக்குத் தோலோடு ஒட்டியிருக்கும் பாகமே அதுதான். பாதம் சுமாராக இருந்தால் நடை கொஞ்சம் கோணும். லைனர் சரியில்லையென்றால் காலைக் கழற்றி மூலையில் சாத்தி வைக்க வேண்டியதுதான்.

ஒரு சின்னக் கணக்கு. நாளைக்கு 6,000 அடி நடப்பவருக்குச் செயற்கைக்காலின் பங்கு 3,000 அடி. கால் தூக்கும் ஒவ்வொரு முறையும் அதன் எடை லைனரைக் கீழே இழுக்கிறது, ஊன்றும்போது உடல் எடை நசுக்குகிறது. வருடத்துக்கு இது பத்து லட்சத்தைத் தாண்டும். தினமும் உழைப்பவரிடம் ஒரு லைனர் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை உழைத்தாலே பெரிய விஷயம். சைக்கிள் டயரைத் தேயும் பொருளாகப் பார்க்கும் நாம் லைனரை மட்டும் கட்டில், பீரோ மாதிரி நினைக்கிறோம்.

ஆளுக்கு இரண்டு லைனர் வேண்டும் என்று கேட்பது ஆடம்பரத்துக்காக அல்ல. தினமும் இரவில் மென்மையான சோப்பில் கழுவி, சோப்பு கொஞ்சமும் தங்காமல் அலசி, வெயில் படாமல் நிழலில் காய வைக்க வேண்டும். ஐப்பசி மழையில் அது காலைக்குள் காயாது. ஈரத்தோடு மாட்டினால் தோல் ஊறிப்போய் உரியும். காயாதே என்று கழுவாமல் விட்டாலோ, வேர்வை நாற்றமும் மயிர்க்கால் கட்டிகளும் வரும். அமெரிக்காவின் மெடிகேர் காப்பீட்டு விதியில்கூட ஒரு செயற்கைக்காலுக்கு ஒரே சமயத்தில் இரண்டு லைனர் வரை அனுமதி உண்டு. அங்கே நம் ஊர் வேர்வையும் கிடையாது.

அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முகாம்களில் அதிகம் கெடுவது இங்கேதான். சிலிக்கான் லைனருக்குப் பொதுவாக ஸ்டம்பின் (மீதமிருக்கும் காலின்) நுனியிலிருந்து 4 செ.மீ. மேலே சுற்றளவு எடுப்பார்கள் (கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும், அவர்கள் அட்டவணையைப் பார்த்தே எடுக்க வேண்டும்). 25.5 செ.மீ. வந்தால் 25 எண் லைனர், அதற்கு அடுத்த பெரிய எண் அல்ல. கையிருப்பில் 28 தான் இருக்கிறது என்று அதைக் கொடுத்தால் நுனியில் காற்று தங்கும், அதில் வேர்வை சேரும், ஒவ்வொரு அடிக்கும் ஸ்டம்ப் உள்ளே ஏறி இறங்கும். ரொம்பவும் இறுக்கமானதைக் கொடுத்தால் மேல் விளிம்பில் கொப்புளம், கீழே மரத்துப்போதல். அறுவை முடிந்த முதல் வருடத்தில் ஸ்டம்ப் வற்றிக்கொண்டே வரும். அதனால் கால் கொடுத்த மூன்றாம் மாதம் மறுபடி அளந்து பார்ப்பதும் அந்த ஒப்பந்தத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

தடிமன் 3, 6, 9 மில்லிமீட்டரில் கிடைக்கிறது. சதைப்பிடிப்பான ஸ்டம்புக்கு 3 போதும், முட்டியும் நன்றாக மடங்கும். எலும்பு துருத்திக்கொண்டிருந்தால் 6 அல்லது 9. தையல் தழும்பு ஒட்டிப்போய் நோகிறவருக்குச் சிலிக்கானைவிட ஜெல் லைனர் இதமானது, ஆனால் சீக்கிரம் நைந்துவிடும். இதில் டெண்டர் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. லைனரை மாட்டிவிட்டு அதன் மேல்தான் சாக்கெட்டுக்கு (ஸ்டம்ப் உள்ளே உட்காரும் கெட்டியான கூடு) அச்சு எடுக்கிறோம். இந்த வருடம் 6 மி.மீ. கொடுத்துவிட்டு, அடுத்த வருடம் குறைந்த விலைக்கு வந்தது என்று வேறு கம்பெனியின் 3 மி.மீ. லைனரைக் கொடுத்தால் நல்ல சாக்கெட் தொளதொளத்துப் போகும். மாற்று லைனருக்கு அதே மாடல், அதே தடிமன் என்ற நிபந்தனை வேண்டும். இல்லையென்றால் புதுச் சாக்கெட்டுக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

பிடிமானம் எப்படி இருக்க வேண்டும் என்பதை அவரவர் வேலையைக் கேட்டே முடிவு செய்யுங்கள். பின் லாக் (லைனர் நுனியில் உள்ள கம்பி சாக்கெட்டின் அடியில் இருக்கும் பூட்டில் மாட்டிக்கொள்ளும் முறை) உட்கார்ந்தபடியே மாட்ட எளிது, முட்டியையும் தடுக்காது. ஆனால் வயலில் இறங்குபவருக்கு மண்ணும் மணலும் பூட்டுக்குள் போய் இறுகிக்கொள்ளும், பொத்தானை அழுத்தினாலும் கால் கழலாது. நுனியில் தளர்ந்த சதை உள்ளவருக்கு, கால் தூக்கும்போதெல்லாம் அந்தக் கம்பி நுனியை மட்டும் பிடித்து இழுக்கும். மாலையில் நுனி சிவந்து வீங்கியிருந்தால் இதுதான் காரணமாக இருக்கும். காற்றை வெளியேற்றும் வால்வும், சாக்கெட்டிலிருந்து தொடை வரை மூடும் ஸ்லீவும் வைத்த உறிஞ்சு முறையில் இழுப்பு பரவலாக விழுவதால் ஓடுபவருக்கும் வாலிபால் ஆடுபவருக்கும் நல்லது. ஸ்லீவில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் பிடி போய்விடும். தரையில் முட்டி போட்டு வேலை செய்யும் கொத்தனாருக்கு அது ஒத்துவராது.

கால் கொடுக்கும் அன்றே அரை மணி நேரம் ஒதுக்கி, மாட்டுவது எப்படி என்று கற்றுக்கொடுக்க வேண்டும். லைனரை முழுவதும் உள்புறம் வெளியே வரத் திருப்பி, அடிக்கிண்ணத்தை ஸ்டம்ப் நுனியில் காற்றில்லாமல் அழுத்தி, மேலே உருட்ட வேண்டும். சாக்ஸ் மாதிரி இழுக்கக் கூடாது. நகம் கிழிக்கும், தோலும் இழுபடும். பின் கம்பி கோணலாக நின்றால் கழற்றி மறுபடி உருட்ட வேண்டும். மதியத்துக்கு மேல் ஸ்டம்ப் சுருங்கும். பின் கம்பி பூட்டும்போது வழக்கமாக ஐந்து ‘கிளிக்’ கேட்கும் இடத்தில் எட்டு கேட்டால் ஸ்டம்ப் கீழே இறங்கிவிட்டது என்று பொருள், ஒரு ஸ்டம்ப் சாக்ஸ் சேர்க்க வேண்டும். அந்தச் சாக்ஸ் லைனருக்கு மேலேதான், உள்ளே அல்ல. பின் கம்பி வெளிவர அதன் நுனியில் துளையும் வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் உள்ளவர் அதை இரவில் வைத்துக்கொள்ளட்டும், காலையில் தடவினால் லைனர் வழுக்கும். வேர்வையை அடக்கும் மருந்தும் அப்படியே: படுக்கப் போகும்போது உலர்ந்த தோலில் பூசி, காலையில் கழுவிவிட வேண்டும்.

லைனர் ரப்பர் காற்றுப் புகாதது. சித்திரை வெயிலில் நாலு மணி நேரத்தில் உள்ளே தண்ணீர் தேங்கும். துளையிட்ட லைனர்கள் சந்தையில் உண்டு, விலை அதிகம். அது கிடைக்காதவருக்கு, வேலைக்கு நடுவே பத்து நிமிடம் கழற்றித் துடைத்து மாட்ட ஒதுக்குப்புறமாக ஒரு நாற்காலியும் உலர்ந்த துண்டும் இருந்தால் போதும். அதைத் தரச்சொல்லி வேலை கொடுப்பவருக்கு உங்கள் லெட்டர்பேடில் ஒரு கடிதம் கொடுத்தனுப்புங்கள். அதற்கு டெண்டர் தேவையில்லை.

இப்படிக்கு,
செயற்கைக்கால் செய்பவர்களும் அணிபவர்களும்