டீப் ஃபிரீசருடன் தரப்பட்ட பிழையான கையேடு குறித்த புகார்

அனுப்புநர்
தங்கள் வாடிக்கையாளர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: 200 லிட்டர் டீப் ஃபிரீசருடன் வழங்கப்பட்ட தமிழ்க் கையேட்டில் பீச் பழம் பதப்படுத்தும் முறை பிழையாக இருப்பது – கையேட்டைத் திரும்பப் பெறவும் இழப்பீடு வழங்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த கோடையில் இராமநாதபுரத்திலுள்ள தங்கள் முகவரிடம் மேற்கண்ட ஃபிரீசரை வாங்கினேன். பெட்டியைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. மைனஸ் 18 டிகிரி வரை குளிர்கிறது என்பதைத் தெர்மாமீட்டர் வைத்தே பார்த்துக்கொண்டேன். என் புகார் முழுவதும் அதனுடன் தரப்பட்ட பழப் பாதுகாப்புக் கையேட்டைப் பற்றியது. அதில் பீச் பழத்துக்கு ஒதுக்கப்பட்டுள்ள பக்கங்களை நம்பி, என் தங்கை மகளின் திருமண விருந்துக்காகக் கொடைக்கானலிலிருந்து வரவழைத்த 30 கிலோ பழத்தையும் அதில் சொன்னபடியே தோல் சீவி, நறுக்கி, பைகளிலும் சில டப்பாக்களிலும் நிரப்பி ஒரே நாளில் ஃபிரீசரில் அடுக்கினோம். விருந்துக்கு எடுத்தபோது துண்டுகள் காப்பித்தூள் நிறத்துக்குக் கருத்திருந்தன. பனி விட்டதும் வடிவம் இழந்து கூழாகிவிட்டன.

தங்கள் சேவை மையத்தில் முறையிட்டபோது, கடலோர உப்புக் காற்றுக்கு மலைப்பழம் தாங்காது என்று பதில் கூறினார்கள். உப்புக் காற்று எங்கள் வீட்டுக் கதவுக் கீல்களை அரிக்கும் என்பது உண்மைதான். ஆனால் வாய் ஒட்டிய பைக்குள் புகுந்து பழத்தைக் கருக்கச் செய்யாது. பழம் கருத்ததற்கான காரணம் வேறு. பீச் பழத்தை நறுக்கியவுடன் அதன் சதையிலுள்ள நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து பழுப்பு நிறத்தை உண்டாக்குகிறது. உறைய வைத்தாலும் அந்த நொதி அழிவதில்லை, அதன் வேகம் மட்டுமே குறைகிறது. ஆகவே பைக்குள் போடும் முன்பே அதைத் தடுத்தாக வேண்டும். அதற்கு உலகெங்கும் கையாளப்படும் எளிய வழி அஸ்கார்பிக் அமிலம், அதாவது மருந்துக் கடையில் மாத்திரையாகவே கிடைக்கும் வைட்டமின் சி. சர்க்கரைப் பாகில் போட்டு வைப்பதானால் லிட்டருக்குச் சுமார் 1,500 மில்லிகிராம் கலந்தால் போதும். சர்க்கரை தூவி வைப்பதானால் 600 கிராம் பழத்துக்கு 750 மில்லிகிராமைச் சிறிது குளிர்ந்த நீரில் கரைத்துத் தெளித்தால் போதும். சில ரூபாய்களில் முடியும் இந்த வேலையைப் பற்றித் தங்கள் கையேட்டில் ஒரு சொல்கூட இல்லை. எலுமிச்சைச் சாறு ஓரளவு உதவும் என்றாவது எழுதியிருக்கலாம், அதுவும் இல்லை.

அதைவிடப் பெரிய பிழை, பெட்டியை ஒரே தடவையில் நிரப்பிவிடச் சொன்னது. எங்கள் குடும்பம் தலைமுறைகளாக மீன் வியாபாரத்தில் இருப்பது. குளிரை நாங்கள் புத்தகத்தில் படித்து அறிந்தவர்கள் அல்லர். இங்கிருந்து போகும் இறாலை ஏற்றுமதிக் கம்பெனிகள் மைனஸ் 40 டிகிரி வரை குளிரும் இயந்திரங்களில் விரைந்து உறைய வைப்பது ஏன் என்பது இந்தக் கரையில் சிறுவர்களுக்கும் தெரியும்: மெதுவாக உறையும் பொருளில் பனிக்கட்டித் துகள்கள் பெரிதாக வளர்ந்து சதையைக் கிழித்துவிடும், பனி விட்டதும் சாறு முழுவதும் வடிந்துபோகும். பழத்துக்கும் இதே விதிதான். வீட்டு ஃபிரீசரில் 28 லிட்டர் கொள்ளளவுக்கு ஒரு நாளில் ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றேகால் கிலோ புதுப் பொருள்தான் வைக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. அந்தக் கணக்கில் தங்கள் பெட்டிக்கு ஒரு நாளைக்கு ஏழு முதல் ஒன்பது கிலோ வரைதான் தகும். தங்கள் கையேடோ “முழுக் கொள்ளளவையும் ஒரே நாளில் பயன்படுத்திப் பலன் பெறுங்கள்” என்கிறது. ஃபிரீசர் தயாரிக்கும் நிறுவனத்துக்கு இந்த அளவு தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை. விற்பனைக்காக அதை மறைத்திருந்தால் அது இன்னும் வருந்தத்தக்கது.

தோலைக் கத்தியால் சீவச் சொன்னதையும் (கொதிநீரில் ஒரு நிமிடத்துக்குள் முக்கி எடுத்து ஐஸ் நீரில் போட்டால் கையாலேயே உரிந்து வரும், சதையும் வீணாகாது), பாகு ஊற்றிய டப்பாவை விளிம்புவரை நிரப்பச் சொன்னதையும் பெரிதுபடுத்த விரும்பவில்லை. இரண்டாம் பிழையால் சில டப்பாக்கள் வெடித்தன. உறையும் நீர் விரியும் என்பதால் மேலே இடம் விட வேண்டும்.

ஆனால் கடைசிப் பத்தியில் உள்ளதைக் கண்டிப்பாகப் பெரிதுபடுத்தியே ஆக வேண்டும். ஃபிரீசரில் இடம் போதாவிட்டால் எந்த வகைப் பீச் பழத்தையும் பாட்டிலில் அடைத்துக் கொதிநீரில் வைத்து எடுத்து அலமாரியில் வைத்துக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். வெள்ளைச் சதைப் பீச் பழங்களில் சிலவற்றின் புளிப்பு மிகக் குறைவு; அவற்றின் பிஎச் அளவு (புளிப்பு குறையக் குறைய உயரும் எண்) கொதிநீர் முறைக்குப் பாதுகாப்பான எல்லையான 4.6-ஐத் தாண்டக்கூடும். அப்படிப்பட்ட பழத்தைக் காற்றுப் புகாத பாட்டிலில் அடைத்தால், கொதிநீருக்கும் சாகாத பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் முளைத்து, உயிரைப் பறிக்கக்கூடிய நஞ்சை உண்டாக்கலாம். வெள்ளைப் பீச்சை உறைய வைப்பது மட்டுமே பாதுகாப்பானது என்பதே இத்துறையினர் தரும் அறிவுரை. எங்கள் பழம் கெட்டது பண இழப்பு. இந்தப் பத்தியை நம்பிய வேறொரு வீட்டில் நேரக்கூடியது அப்படிப்பட்டதல்ல. இதைப் படித்த அன்றே, இதே ஃபிரீசர் வைத்திருக்கும் எங்கள் தெருவார் அனைவரிடமும் அந்தப் பக்கத்தைப் பின்பற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தமிழ்நாடு முழுவதும் அதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு தங்களுடையது.

புயல் மழைக் காலத்தில் மின்சாரம் நின்றுபோகும் இந்தக் கரையில் விற்கும் பெட்டிக்கு, நிறைந்த ஃபிரீசரை மூடியே வைத்திருந்தால் ஏறத்தாழ 48 மணி நேரமும் பாதி நிறைந்ததானால் 24 மணி நேரமும் குளிர் தாங்கும் என்ற விவரத்தையும் சேர்த்தல் நலம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 84-ஆம் பிரிவு, சரியாகப் பயன்படுத்தும் முறை பற்றிய போதிய அறிவுரைகள் பொருளுடன் இல்லாமல் தீங்கு நேர்ந்தால் அதற்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாளியாக்குகிறது. எனவே, தற்போதைய கையேட்டின் பழப் பகுதியை உடனே திரும்பப் பெற்று, உணவுப் பதப்படுத்தும் துறை அறிந்தவரைக் கொண்டு தமிழிலேயே திருத்தி எழுதி, ஏற்கெனவே வாங்கிய அனைவருக்கும் அனுப்பி வைக்குமாறும், வெள்ளைப் பீச் பற்றிய எச்சரிக்கையை அதுவரை காத்திராமல் குறுஞ்செய்தி மூலம் அறிவிக்குமாறும், 30 கிலோ பழத்தின் விலையையும் கொடைக்கானலிலிருந்து வந்த வண்டிக் கூலியையும் எனக்கு வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். முப்பது நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். பழத்துக்கான ரசீது, கையேட்டுப் பக்கங்களின் நகல், கருத்த பழத்தின் படங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்,
மண்டபம்.