மைசூருப் பயணத்துக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ளவர்களே,

ஆட்டிசம் உள்ள எங்கள் பிள்ளைகளும் இளைஞர்களும் பெங்களூரிலிருந்து மைசூரு போய் இரண்டு நாள் இருந்து வரத் துணை நின்ற உங்கள் எல்லோருக்கும் நன்றி.

முதலில், புதன், வியாழன் என்று நாள் குறித்துக் கொடுத்தவருக்கு. ஞாயிறு மாலை அரண்மனை விளக்குகளுக்குக் கூட்டம் திரளும். செவ்வாய் மிருகக்காட்சிசாலை விடுமுறை. மூடிய கேட்டைப் பார்த்துவிட்டு, “நாளைக்கு வரலாம்” என்று இவர்களிடம் சொல்ல முடியாது; சொன்னபடி நடக்காவிட்டால் தவித்துப்போவார்கள்.

போகப்போகும் இடங்களைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே காட்டிப் பழக்க, பத்து நாள் முன்பே போய்ப் படம் எடுத்து வந்த தன்னார்வலர்களுக்குத்தான் பெரிய கடன்பட்டிருக்கிறோம். பேருந்துப் படி, அறைக் கதவு, கழிப்பறை, சாப்பாட்டு மேசை என்று போகும் வரிசையிலேயே 9 படங்கள். அரண்மனை வாசலில் செருப்பை விடுவதற்கு ஒரு படம், திரும்ப எடுத்து மாட்டுவதற்கு இன்னொன்று. செருப்பு திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்தால்தான் பலர் கழற்றவே சம்மதிப்பார்கள். ஆளில்லாத காலையில் எடுத்த படம் ஏமாற்றிவிடும் என்று கூட்ட நேரத்திலும் போய் எடுத்தீர்கள். கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சலைக்கூடப் பதிவு செய்து தந்தீர்கள். சத்தத்தைக் குறைத்து, தினம் சில நொடி கேட்கவைத்துப் பழக்கினோம்.

ஓட்டுநர் அண்ணா, பிள்ளைகளுக்குக் காட்டிய படத்தில் வழியிலுள்ள மத்தூர் இருந்ததால் மத்தூரிலேயே நிறுத்தினீர்கள். பாட்டும் டிவியும் போடவில்லை. நன்றி.

சமையலறையில் தயிர்சாதத்துக்குத் தாளிக்காமல், சாம்பார் இட்லியில் படாமல் தனிக் கிண்ணத்தில் வைத்தீர்கள். புது இடத்தில் சாப்பாடும் புதிதானால் பட்டினியாகவே இருந்துவிடுவார்கள். பசியோடு கூட்டமும் சத்தமும் சேரும்போதுதான் தாங்கமுடியாமல் போகிறது.

விடுதிக்காரர்கள் லிஃப்டிலிருந்து தள்ளியே அறை கொடுத்தீர்கள், நீச்சல்குளக் கதவை இரண்டு நாளும் பூட்டியே வைத்தீர்கள். இவர்களில் பலருக்குத் தண்ணீர் என்றால் அப்படி ஓர் ஈர்ப்பு. ஒரு பிள்ளையைக் காணோம் என்றால் முதலில் ஓட வேண்டியது தண்ணீர் இருக்கும் பக்கம்தான்.

மிருகக்காட்சிசாலைப் பாதையில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டபோது, கூட்டத்தை விலக்கி முதுகு காட்டி நின்ற காவலருக்கு நன்றி. நீங்கள் தொடவில்லை, எதுவும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் ஆறுதல் வார்த்தைகூட இன்னொரு சத்தம்தான்.

கல்லூரி மாணவர்களே, கூட வந்த அண்ணன் தங்கைகளை யானை பார்க்கத் தனியாகக் கூட்டிப்போனீர்கள். அவர்களுக்கும் அது விடுமுறை என்பதை நினைத்தவர்கள் நீங்கள்தான்.

படங்களை உறையிட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறோம். அடுத்து மைசூரு போகும் குடும்பம் கேட்டால் தருகிறோம். அறைக் கதவுப் படத்தை மட்டும் அவரவர் விடுதிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
அல்சூர், இந்திராநகர் குடும்பங்கள்,
பெங்களூரு